பச்சைப் பெட்டி

"இன்னிக்கு எந்த விரலு?" என்று கேட்டுக்கொண்டே மனைவி பழைய துணியைக் கிழித்தாள்.

"கட்டைவிரல்தான். அதுக்குத்தான் நேரம் சரியில்ல," என்று கையை நீட்டினார் தச்சர்.

வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. காலையில் ஆணி அடிக்க உட்கார்ந்தார். அடித்த ஆணி எல்லாம் கழுத்தை ஒடித்துக்கொண்டு சாய்ந்தது. நிமிர்த்தி அடித்தால் ஆணி தப்பித்தது, விரல் மாட்டிக்கொண்டது. சரி, அறுக்கிற வேலையாவது பார்ப்போம் என்று ரம்பத்தை எடுத்தார். கோடு ஒரு பக்கம் போனது, ரம்பம் ஒரு பக்கம் போனது.

"இது இன்னிக்கு நேத்து சமாச்சாரமா? மழை விட்டதுலேர்ந்து இப்படித்தான். மருந்துக் கடைக்காரருக்கு அறுத்துக் குடுத்த பலகை மொத்தமும் ஒரு அங்குலம் குட்டை. அவர் சொன்ன அளவைத்தான் டேப்பு வச்சுக் கோடு போட்டேன். 'கண்ணு தெரியலன்னா சொல்லுங்க, வேற ஆளைப் பாத்துக்கறேன்'னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு."

மனைவி துணியைச் சுற்றினாள். கொஞ்சம் இறுக்கியே சுற்றினாள்.

தச்சர் சாமான்களை யார் கையிலும் நம்பிக் கொடுக்கிறவர் இல்லை. ஒரு காலத்தில் கொடுத்துப் பட்டவர். நல்ல உளியை வாங்கிப் போனவன் அதை வைத்துப் பெயிண்ட் டப்பா திறந்தான். அரத்தை வாங்கிப் போனவள் பூந்தொட்டியைக் கிளறினாள். வாங்கும்போது பல்லைக் காட்டுகிற மனுஷன் திருப்பிக் கொடுக்கும்போது முதுகைக் காட்டுகிறான். இல்லை என்று சொல்லவும் வழியில்லை. பட்டறையில் இருப்பது தெருவுக்கே தெரியும்.

அதனால் ஒரு வேலை செய்தார். எல்லாச் சாமானும் ஒரே கடையில் ஒரே மாதிரி ஜோடி ஜோடியாக வாங்கினார். ஒரு செட்டைச் சிவப்புப் பெட்டியில் வைத்தார். அது அவருக்கு. இன்னொரு செட்டுக்கு 'வைத்தியம்' பார்த்தார். சுத்தியலின் முகத்தைச் சாணையில் வைத்து மயிரிழை சாய்வாக உரசினார். ரம்பத்தில் ஒரு பக்கத்துப் பல்லை மட்டும் மழுக்கினார். டேப்பின் முதல் அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டுக் கொக்கியைத் திரும்ப மாட்டினார். பார்த்தால் எவனுக்கும் தெரியாது. அந்தச் செட்டு பச்சைப் பெட்டிக்குள் போனது. அது கேட்டு வருகிறவர்களுக்கு.

ஒரு தடவை வாங்கினவன் மறு தடவை வரமாட்டான். குறை சொல்லி எவனாவது வந்தால் அதற்கும் பதில் வைத்திருந்தார். "சாமான் மேல பழி போடாதப்பா. வேலை கையில இருக்கு, சாமான்ல இல்ல."

எதிர்வீட்டு பஸ் டிரைவர் ஒருவர்தான் விடாக்கண்டன். மழைக்காலம் முடிகிற சமயத்தில் சுத்தியல் வாங்கிப்போய் அடித்தார். ஆணி தெறித்து அவர் வீட்டு மீன்தொட்டி உடைந்து கூடமெல்லாம் தண்ணீர். அதற்குப் பிறகும் வருகிறார். சூடு சொரணை இல்லாத ஆள்.

"அண்ணே!"

நினைத்தால் போதும், வந்துவிடுவார். பச்சைப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு டிரைவர் நின்றார்.

"நாய்க்கூடு முடிஞ்சுதுண்ணே. கதவு வச்சேன் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி உக்காந்துடுச்சு. ஒரு ஆணி வளையல. உங்க சாமான் தங்கம்ணே!"

கட்டுப்போட்ட விரலை வைத்துக்கொண்டு தச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னய்யா, குத்திக் காட்டறியா?"

"ஐயோ, நான் ஏண்ணே குத்திக் காட்டறேன்? நிஜமாத்தான் சொல்றேன்."

தச்சரின் பார்வை பச்சைப் பெட்டிக்குப் போனது. அந்தப் பெட்டிச் சாமானை வைத்துக்கொண்டு ஒரு பஸ் ஓட்டுகிறவன் ஒழுங்காகக் கதவு வைக்கிறான். நல்ல சாமானை வைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து மரத்தோடு கிடக்கிற தன்னால் ஓர் ஆணி இறக்க முடியவில்லை. இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

எழுந்து போய்ச் சிவப்புப் பெட்டியைத் தூக்கி வந்து டிரைவரின் காலடியில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போ."

"எதுக்குண்ணே?"

"என் கை போயிடுச்சுய்யா. இன்னியோட பட்டறையைப் பூட்டிடப் போறேன். இது நான் பொத்திப் பொத்தி வச்சிருந்த சாமான். துரு ஏறிக் கெடக்கறதுக்கு உன்கிட்டயாவது இருக்கட்டும்."

டிரைவர் பெட்டியை எடுக்கக் குனிந்தார். கை பிடியில் படுவதற்குள் மனைவி ஓடி வந்து பெட்டியின் மேல் காலை வைத்தாள்.

"அதை எடுக்காதீங்க தம்பி!"

"விடுடி. எவ்வளவு நல்ல சாமானா இருந்தா என்ன, இனிமே எனக்கு எதுக்கு?"

"நல்ல சாமானா?" என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல். "மீன்தொட்டி உடைஞ்ச அன்னிக்கு இவர் பொண்டாட்டி அழுததைப் பாத்துட்டு மனசு கேக்கல. அன்னிக்கே இந்தப் பெட்டியில இருந்ததை அதுலயும், அதுல இருந்ததை இதுலயும் மாத்தி வச்சுட்டேன். வேலை கையில இருக்கு, சாமான்ல இல்லன்னு நீங்கதானே தெருவுக்கே சொல்லுவீங்க? அதை நம்பித்தான் பேசாம இருந்தேன்."