ஏரிக்கரை மாரத்தான்

"குழந்தைன்னு ஒண்ணு வந்துட்டா ஓட முடியுமா? கொஞ்ச நாள் போகட்டும்" என்று ஏழு வருஷமாகத் தட்டிக்கழித்தான் கணவன். மலை, கடல், காடு என்று மாதம் ஒரு மாரத்தானுக்குக் கிளம்பிவிடுவான்.

இந்த முறை நர்ஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் அவளும் ஏரிக்கரையில் போய் இறங்கினாள். ஓடி முடித்தவர்களில் அவனைக் காணோம்.

அவன் பேரைச் சொல்லிக் கேட்டதும் அமைப்பாளர் பட்டியலைப் புரட்டினார். "நாற்பத்திரண்டு கிலோமீட்டர்ல அவர் பேரே இல்லையே... இதோ! ஒரு கிலோமீட்டர் ஓட்டம். வருஷா வருஷம் வர்றவர்தான்."

"ஒரு கிலோமீட்டரா? அது யாருக்கு?"

"அப்பாவும் பிள்ளையும் கைகோத்து ஓடறதும்மா. அதோ, மூச்சிரைக்க வர்றார் பாருங்க. ஆறு வயசுப் பொண்ணு, அப்பாவை என்னமா இழுத்துட்டு வருது!"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவனேதான்.

"ஆமா, நீங்க அவருக்கு என்ன வேணும்?"