கமலவேணி சொன்ன தேதிகள்

"இன்னைக்கும் அதே எரர்தானுங்களா தம்பி?"

காளியண்ணன் கேட்டது மதில் சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. கமலவேணி ஆய்ந்துகொண்டிருந்த கீரையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள். பக்கத்து வீட்டில் வண்டி ரிப்பேர் என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. என்ன ரிப்பேர் என்று தெரிந்த பிறகுதான் இறங்கும்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் அந்த மாதிரி வண்டி வேறு யாரிடமும் இல்லை. பைக் போல ஹேண்டில்பார், டிராக்டர் போல நாலு தடித்த சக்கரம், பெயர் ஏடிவி. முழங்கால் தேய்ந்து வரப்பேற முடியாமல் போன காளியண்ணனுக்கு மகன் கோகுல்ராஜ் பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்தது. அதில் போனால்தான் அவர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்ட தன் காட்டைப் பார்க்க முடியும். ஆனால் இரண்டு மாதத்தில் மூன்று முறை மஞ்சள் விளக்கெரிந்து, திரையில் எரர் நம்பர் ஓடி, நத்தை வேகத்துக்கு மேல் நகரமாட்டேன் என்றது. சேலத்திலிருந்து மெக்கானிக் செந்தமிழன் வருவான், எதையாவது மாற்றுவான், எரரை அழிப்பான். கொஞ்ச நாளில் அது திரும்ப வரும்.

"இன்னைக்குச் சரியாகலீன்னா வண்டியத் தள்ளி உட்டுருவேன் தம்பி. காட்டைக் குத்தகைக்கு உட்டுட்டு ஊட்டுக்குள்ள உக்காந்துக்கறேன்," என்றார் காளியண்ணன்.

"அதுக்கெதுக்குங்ணா வெசனம்?" என்றபடியே நுழைந்தாள் கமலவேணி. "மல்லசமுத்திரத்துல என்ற மாப்பிள்ளை நந்தகுமாரு காத்துக்கிட்டு இருக்காரு. ஓடாத வண்டியா இருந்தாலும் எடுத்துக்குவாரு. அவருக்குப் பெரிய மனசு."

அவளைக் கண்டதும் காளியண்ணன் மனைவி நல்லம்மாள் சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். இந்த வீட்டில் 'வாங்க' என்று கேட்க ஆளில்லை என்று கமலவேணி ஏற்கெனவே ஏழு வீட்டில் சொல்லியாயிற்று. இது எட்டாவது வீட்டுக்கு ஆகும்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "ஐயனாரு குதிரையாட்டம் நிக்குது பாரு. நின்னு என்ன பண்றது, நடக்கோணுமல்லோ."

செந்தமிழன் ஸ்கேனரைச் செருகிவிட்டு நெற்றியைத் துடைத்தான். "சென்சார் புதுசுங்க. பேட்டரி நல்லாருக்கு. ஆனா எரர் வாரதும் போறதுமா இருக்குது. எந்தெந்த நாள் வந்துச்சுன்னு தெரிஞ்சா புடிச்சரலாம்."

"நாளெல்லாம் யாரு தம்பி ஞாபகம் வெக்கறது?"

கமலவேணிக்கு வேறென்ன வேலை?

"நான் சொல்றேன் கேட்டுக்க சாமி. மொதத்தரம், மாசி அமாவாசைக்கு மறுநா. அமாவாசையன்னைக்கு நான் ஒறைக்குத் தயிரு வாங்க வந்தப்ப ஜம்முனு நின்னுது. ரெண்டாந்தரம், எங்க நாத்தனா ஊட்டுச் சீருக்கு மறுநா. சீரு முடிஞ்சு வாரப்ப இங்கதான் சேர் போட்டு அரை மணி நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன், ஒரு கொறையும் இல்ல. மூணாந்தரம், இந்தச் செவ்வாக்கெழம. திங்கக்கெழம பேரன் காதுகுத்துக்குப் பத்திரிக்க வெக்க வந்தப்பக்கூட, வண்டி ராசாவாட்டம் இருக்குதுன்னு என்ற வாயாலயே சொல்லிட்டுப் போனேன்."

"அக்கா, இந்த ஸ்கேனருக்கு நீங்க எவ்வளவோ தேவலைங்க."

கமலவேணி ஒரு சுற்றுப் பெருத்தாள்.

நின்ற இடத்திலேயே ராத்திரியோடு ராத்திரியாகக் கெடுகிறது என்று கணக்குப் போட்ட செந்தமிழன், இதுவரை திறந்திராத முன்மூடியைக் கழற்றி, ஹேண்டில்பாருக்குக் கீழே ஒயர்கள் சேரும் சாக்கெட்டைப் பிரித்தான். உள்ளே பின்களெல்லாம் பச்சை பூத்திருந்தன. ஓரங்களில் வெள்ளைப் பொடி. விரலில் தொட்டு நாக்கில் வைத்தவன் முகம் சுளித்தான்.

"உப்புங்க. உரமூட்டை ஏத்துவீங்களா? பொட்டாஷ் பட்டாலும் இப்படித்தான் அரிக்கும்."

"அதெல்லாம் இல்லீங் தம்பி. துணி போட்டுத் தொடைக்கறதோட சரி."

"மேலிருந்து ஒழுகி எறங்கியிருக்குது. ஒண்ணு மேல ஒண்ணாப் படிஞ்சிருக்குதுங்க. யாரோ உப்புத்தண்ணி ஊத்தியிருக்காங்க."

கமலவேணிக்கு உடம்பு சிலிர்த்தது. வண்டி மாப்பிள்ளைக்குப் போகாவிட்டால் போகிறது, ஒருத்தியின் குட்டு உடையப்போகிறது. அது வண்டியை விட ருசி.

"எவளோ வயித்தெரிச்சல் புடிச்சவ வேலை இது. நல்லம்மா, வெளிய வா. யாருன்னு தெரிஞ்சா மறைக்காம சொல்லு. அவளை நடுத்தெருவுல நிக்க வெச்சு நான் கேக்கறேன்."

நல்லம்மாள் வாசற்படியில் வந்து நின்று முந்தானையைத் திருகினாள். "வேண்டாங்க்கா. உடுங்க."

"எப்படி உடறது? மனுசன் காட்டைப் பாக்க முடியாமக் கெடக்கறாரு. சொல்லு."

"சொல்லு நல்லம்மா," என்றார் காளியண்ணனும்.

நல்லம்மாள் கணவனை மட்டும் பார்த்துப் பேசினாள். "நாந்தானுங்க. கறுப்புக் கயிறு கட்டுனா மூடநம்பிக்கைன்னு அறுத்துப் போடறீங்க. அதனால, வண்டி மேல கண்ணு பட்ட அன்னைக்கெல்லாம் உங்களுக்குத் தெரியாம உப்பைச் சுத்தி, கரைச்சு, வண்டி தலைமேலயே ஊத்திட்டேன். உப்பு கரையறாப்பல அந்தக் கண்ணும் கரையட்டும்னு."

"எவ கண்ணு?" கமலவேணி விடவில்லை. "பேரைச் சொல்லு."

செந்தமிழன்தான் ஸ்கேனர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான்.

"தேதியெல்லாம் நீங்களே சொல்லிட்டீங்களேக்கா."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சேதியை யாரிடமும் சொல்ல வழியில்லாமல் கமலவேணி கேட்டைத் தாண்டும்போது, பின்னால் காளியண்ணனின் தணிந்த குரல் கேட்டது.

"சுத்தறதைச் சுத்திக்க நல்லம்மா. ஊத்தறதை மட்டும் முச்சந்தியில ஊத்து."