வேப்பிலை கட்டிய படலை

"இராசதுரை மச்சான்! சாராயத் தவறணை திறந்தாச்சு, கெதியா வா!"

சீனித்தம்பியின் குரலுக்கு வீட்டுக்காரன் வரவில்லை. அவன் மனைவி சீதேவிப்பிள்ளைதான் முற்றத்துக்கு வந்தாள்.

"படலையில கட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியல்லியா?"

வேலிவாசல் படலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அம்மை கண்ட வீடு! சீனித்தம்பி தலைதெறிக்க ஓடினான். மண்டூரில் சாராயத்துக்கு அஞ்சாதவன் உண்டு, அம்மாளுக்கு அஞ்சாதவன் இல்லை.

மூன்று நாளாக இப்படித்தான். இராசதுரையின் கூட்டாளிகள் ஒருவர் விடாமல் வந்தார்கள். வந்த வேகத்தில் ஓடினார்கள்.

அன்று பின்னேரம் வந்தவர் ஓடவில்லை. ஊர் அதிகாரியான விதானை வேலாப்போடி. எந்நேரமும் வாயில் கராம்பு போட்டு மென்றுகொண்டிருப்பார். கேட்டால் பல்வலி என்பார்.

"அம்மாள் நோயெண்டா நான் மேலிடத்துக்கு அறிவிக்கோணும். விலகு புள்ள, பாத்திட்டுப் போறன்."

"ஐயோ, உள்ளுக்கு வரப்படாது விதானையார்!"

"எனக்குச் சின்ன வயசிலயே வந்து போயிட்டு. இனி வராது."

பாயில் இராசதுரை சுருண்டு கிடந்தான். உடம்பெல்லாம் வேர்வை, கைகால் உதறல். விதானை குனிந்து முகம், நெஞ்சு, முதுகு எல்லாம் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை.

"எங்க புள்ள அம்மாள்?"

இனி மறைத்துப் பயனில்லை.

"அம்மாள் இல்ல, சாராயம். அத விட்டு இண்டைக்கு மூணாம் நாள்."

விதானைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அதுக்கா வேப்பிலை? ஊரையே ஏமாத்திப்போட்டியே! குடி என்ன நோயா? கொழுப்பு! நோய் தானா வரும். இது நாமளாத் தேடிப் போறது!"

"மழையில நனைஞ்சு வயல் வட்டையில காவல் கிடந்தவனுக்குக் காய்ச்சல் வந்தா, நீயாத் தேடினதெண்டு மருந்து குடுக்காம விடுறமா?"

"கோயில்ல சத்தியம் பண்ணச் சொல்லு!"

"முருகன்ட சன்னிதியில மூணு தரம் பண்ணிட்டார். சத்தியத்துக்குக் காய்ச்சல் விடுமா? என்னைக் கட்டிப்போடு புள்ள எண்டு அவர்தான் அழுதவர். கயித்தால கட்டினாக் கூட்டாளிமார் வந்து அவிழ்த்துக் கூட்டிப் போயிருவானுகள். அதுதான் வேப்பிலை கட்டினன். நீங்க வெளியில சொன்னாப் பொழுதுபட முன்னம் அவனுகள் வந்து நிப்பானுகள். நான் விடமாட்டன் விதானையார்!"

அவள் வாசலை மறித்து நின்றாள். கண்ணில் நீர் இருந்தது, கால் நகரவில்லை.

விதானை அவளைப் பார்த்தார். பிறகு பாயில் கிடந்தவனைப் பார்த்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"மேலிடத்துக்கு ஒண்டும் போகாது. பன்னிரண்டு நாளைக்கு இந்தப் பக்கம் ஒருத்தனும் வரப்படாதெண்டு ஊருக்கு நானே சொல்றன்."

அவள் கை கூப்பி வழிவிட்டாள். படலையடிக்குப் போனவர், வேப்பிலைக் கொத்தை அவிழ்க்கத் தொடங்கினார். சீதேவிப்பிள்ளை பதறி ஓடினாள்.

"ஏன் அவிழ்க்கிறீங்க? இப்பத்தானே சரியெண்டு சொன்னீங்க!"

விதானை பாதியை அவள் கையில் கொடுத்தார். மறுபாதியைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார். வாயில் கிடந்த கராம்பைத் துப்பினார்.

"இது என்ட பொஞ்சாதிக்கு. எங்கட படலையில கட்டட்டும். எத்தனை தரம் விட்டுப் பாத்தாலும் மூணாம் நாளை என்னால தாண்டேலாமக் கிடக்கு, புள்ள."