வீட்டிடம் விடைபெறுதல்

என் கணவர் தணிகாசலம் இறந்த பிறகு கடனைக் கட்ட முடியாமல் வீடு வங்கி ஏலத்துக்குப் போனது. எடுத்தவர் மதிவாணன். எங்கள் மாடம்பாக்கத்தில் இப்படி வாங்கி விற்பதே அவர் தொழில்.

இப்போதெல்லாம் பத்திரம் மாறினால் மட்டும் போதாது. குடியிருந்தவர் "போறேன்" என்று வீட்டிடம் சொன்னால்தான் கதவு புது ஆளை ஏற்கும். எங்கள் வீடு என் கணவரின் குரலில் பேசும். அவர்தான் அதைப் பழக்கினார்.

"ஒரே வார்த்தைம்மா. சொல்லிட்டுக் கிளம்புங்க," என்றார் மதிவாணன்.

"உங்க வீட்டுலேருந்து கிளம்புறப்ப நீங்க அப்படிச் சொல்வீங்களா?"

"ஐயோ, அபசகுனமாச்சே! இது வேறம்மா."

"என்ன வேற?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவரும் கூடவே வந்தார்.

"போயிட்டு வரேங்க," என்றேன் வீட்டிடம்.

"பாத்துப் போ, செண்பகம். குடை எடுத்துக்கிட்டியா?"

எடுத்துக்கொண்டேன். எங்களுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மதிவாணன் கைரேகையை வைத்துப் பார்த்தார், தட்டினார், சட்டம் பேசினார்.

"அவ வெளியே போயிருக்கா சார். வந்ததும் வாங்க," என்றது வீடு.

மூன்று மழைக்காலம் போய்விட்டது. வீடு இன்னும் அவருக்கு அதையேதான் சொல்கிறது. குடை என்னிடம்தான் இருக்கிறது.