குடத்துக்குள் கை

"பொண்கொழந்தையை நர்ஸ் படிப்புக்கு மதராஸ் அனுப்பறதாவது! நமக்கெல்லாம் நாணக்கேடாக்கும், ஓய்!"

அனந்தநாராயணன் போட்ட கூச்சலில் மட்டாஞ்சேரி சமூக மடமே அதிர்ந்தது. கூடியிருந்த மற்ற வீட்டுப் பெரியவர்களும் ஒரே குரலில் ஆமாம் போட்டார்கள்.

வெங்கிடராமன் எழுந்தார். மிளகு மண்டியில் எடை பார்க்கிறவர். நாலு பேர் நடுவே வாய் திறந்து பழக்கமில்லாதவர். இன்று எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ!

"என்ன நாணக்கேடு? தாயில்லாக் கொழந்தை, ஜில்லாவிலேயே ரெண்டாவதா பாஸ் பண்ணியிருக்கா. சீக்காளியைத் தொட்டுத் துடைக்கறது பாவம்னா, எது ஓய் புண்ணியம்?"

வாசற்படியருகே நின்ற கங்காவுக்குக் கண் நிறைந்தது. அப்பாவா இது!

"மடம் கூடாதுன்னு சொன்னா?" என்று மடக்கினார் அனந்தநாராயணன்.

"கட்டுப்படறேன். ஊரை விட்டு எங்கே போக? ஆனா என் வாயால அவளைத் தடுக்க மாட்டேன்!"

தலைவர் சிவராமகிருஷ்ணன் கையமர்த்தினார். "கை தூக்கச் சொன்னா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்ப்பேள். போன வருஷத்துத் தேர்தல் மாதிரி ரகசியமா வெச்சுக்கலாம். ஆளுக்கு ஒரு ஏலக்காய், ஒரு மிளகு. போகலாம்னா ஏலக்காய், கூடாதுன்னா மிளகு. குடத்துக்குள்ளே கையை விட்டுப் போடுங்கோ. மத்ததை மடியிலே முடிஞ்சுக்கோங்கோ, யாருக்கும் காட்ட வேண்டாம்."

இருபத்தோரு வீட்டுக்காரர்களும் போட்டார்கள். தலைவர் குடத்தைத் தாம்பாளத்தில் கவிழ்த்தார்.

இருபது ஏலக்காய். ஒரே ஒரு மிளகு.

கூச்சல் போட்டவர்கள் எல்லாரும் அசடு வழிந்தார்கள். "என் சின்னவளும் படிக்கணும்னு ஒரே அழுகை, கேட்டேளா..." என்று முணுமுணுத்தபடி அனந்தநாராயணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கங்கா ஓடிவந்து அப்பாவின் காலில் விழுந்தாள். "எல்லாரும் எதிர்த்தப்போ நீங்க ஒருத்தர்தானே எனக்காகப் பேசினேள்! உங்க பொண்ணுன்னு சொல்லிக்கவே பெருமையா இருக்குப்பா!"

"அது சரி, அந்த ஒரு மிளகு யாரோடது?" என்று யாரோ கேட்டார்கள்.

அவளில்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முடியாமல், 'போகாதே' என்று தான் சொல்லாததை ஊர் சொல்லிவிடும் என்று மலைபோல் நம்பியிருந்த வெங்கிடராமன், மகளைத் தூக்கி நிறுத்திவிட்டு, மடியில் முடிந்திருந்த ஏலக்காயை விரலால் இன்னும் உள்ளே தள்ளினார்.