கடைசி ரீல்

“இது நான் பாத்த படமே இல்லடி” என்றாள் அம்மா, ரிமோட்டைச் சோபாவில் வீசிவிட்டு.

மகளுக்குச் சுருக்கென்றது. பழைய படங்களைத் தியேட்டரில் வெளியானபடியே, ஒரு காட்சி கூடாமல் குறையாமல் டிஸ்க்கில் கொண்டுவருவதுதான் அவள் வேலை. வருடக்கணக்கில் கழித்து வந்து, “அந்தச் சண்டையை மட்டும் தூக்கிடலாமே” என்று குழையும் டைரக்டர்களிடம் அவள் மசிந்ததே இல்லை. அதனால் ஆபீசில் அவளுக்கு ‘அசல்’ என்றே பட்டப்பெயர். அம்மா இளவயதில் பார்த்த படமாயிற்றே என்று ஆசையாக வெள்ளோட்டப் பிரதியைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினால், இப்படி ஒரு குண்டு.

“எதும்மா மாறியிருக்கு?”

“முடிவு. அவ பெட்டியத் தூக்கிட்டு வீட்ட விட்டு இறங்கி விறுவிறுன்னு நடப்பா. ‘சுபம்’னு போட்டுடுவான். இதுல என்னடான்னா, பாதி வழியில திரும்பி வந்து அந்தப் பாவிப் புருஷன் கால்ல விழுறா.”

“உனக்கு மறந்திருக்கும்மா.”

“அடுப்ப அணைச்சேனான்னு கேளு, மறந்திருப்பேன். இது மறக்காது.”

அம்மா எதிலும் லேசில் விட்டுக்கொடுக்கிறவள் அல்ல. மிக்சி ரிப்பேர்காரர் அவளுக்குப் பயந்தே வீட்டுப் பக்கம் வருவதில்லை. ஆனால் இன்று அவள் குரலில் வழக்கமான வம்பு இல்லை. டீ ஆறிப்போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

டிஸ்க் உறையில் ‘திரையரங்கில் வெளியான அசல் வடிவம்’ என்று அச்சடிக்க வேண்டிய நேரம். அம்மா சொல்வது நிஜமென்றால் அந்த வாசகம் பச்சைப் பொய். கட்டிக்காத்த பெயர் காற்றில் பறந்துவிடும். பதறிப்போய் டைரக்டருக்குப் போன் போட்டாள்.

“நான் எடுத்தது ஒரே ஒரு முடிவுதாம்மா. கால்ல விழுறது. கடைசியில ‘வணக்கம்’னுதான் போட்டேன். ‘சுபம்’னு போடவே இல்ல” என்று அவர் அடித்துச் சொன்னார்.

இல்லாத ‘சுபம்’ அம்மா கண்ணுக்கு எப்படித் தெரிந்தது? மகளுக்கு மண்டை குடைந்தது. அம்மா அப்போது படம் பார்த்த தியேட்டரின் பெயரைக் கேட்டு, அங்கே இங்கே விசாரித்து, அதில் படம் ஓட்டிய ஆபரேட்டரை அவர் வீட்டு மொட்டை மாடியில் போய்ப் பிடித்தாள். மனிதர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அந்த ‘சுபம்’ போட்டது நான்தாம்மா.”

“நீங்களா? எப்படிங்க?”

“படம் ரொம்ப நீளம். மாலைக் காட்சி முடியறதுக்குள்ள கடைசி பஸ் போயிடும். வெளியூர் ஜனமெல்லாம் வந்து என் ரூம் கதவத் தட்டித் திட்டும். முதலாளி, ‘ஏதாவது பண்ணுய்யா’ன்னார். கடைசி ரீலை ஓட்டாமலே அலமாரியில வெச்சுட்டேன். சும்மா லைட்டப் போட்டா சண்டைக்கு வருவாங்களே? வேற ஒரு படத்துலேருந்து ‘சுபம்’ துண்ட வெட்டி ஒட்டிட்டேன்.”

“அப்ப அவ திரும்பி வந்தது...?”

“அந்தத் தியேட்டர்ல பாத்த யாருக்கும் தெரியாது. பஸ்ஸப் பிடிச்சோமா, வீடு போய்ச் சேந்தோமான்னு இருந்தாங்க.” ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டார். “ஒருத்தர்கூட வந்து கேட்டதில்ல. நீதான் முதல் ஆளு.”

டைரக்டர் சொன்னதுதான் சரி. டிஸ்க்கும் சரி. உறையில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. துள்ளிக் குதித்திருக்க வேண்டியவள், இறங்கும்போது பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

செல்போன் ஒலித்தது. அம்மா.

“என்னடி, விசாரிச்சியா? கடைசியில அவ திரும்பி வந்தாளா?”

அம்மா எதற்கும் பயந்து மகள் பார்த்ததில்லை. இந்தக் கேள்வியில் பயம் இருந்தது.

“வரலம்மா” என்றாள் ‘அசல்’, கொஞ்சமும் கூசாமல். “நீ பாத்ததுதான் ஒரிஜினல். எங்க டிஸ்க்லதான் தப்பு.”

“அதானே பாத்தேன்” என்று அம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

கைக்குழந்தையாக இருந்த மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அந்தப் படம் பார்த்த மறுநாள் காலையில்தான் அவள் புருஷன் வீட்டை விட்டுப் படியிறங்கினாள்.