பொது ஃபைல்

மேனேஜர் கேட்டால் எதையாவது தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்று அக்காவுக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

மேனேஜர் மேஜையைத் தட்டினார். எதிரே தலைகுனிந்து நின்றான் அவளோடு வேலை செய்யும் இளைஞன்.

"ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவங்க ஸ்கேன் பூராவும் போச்சு. அழிச்சது நீ எழுதின ஸ்கிரிப்ட் புரோகிராம்தானே?"

"என்னோடதுதான் சார். ஆனா அது பழைய ஸ்கேனை மட்டும்தான் அழிக்கும். எந்த ஃபோல்டர்ல அழிக்கணும்கிற விவரம் தனியா ஒரு பொது ஃபைல்ல இருக்கு. அழிக்கிறதுக்கு முன்னாடி சரிபார்க்கிற வேலையும் அதுலதான். ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே அந்த ஃபைலைக் கூப்பிட்டுக்கும். இன்னைக்கு அது வரலை. ஃபோல்டர் பேர் காலி. அதனால தான் நின்ன ஃபோல்டர்ல இருந்ததையெல்லாம் வழிச்சுப் போட்டுடுச்சு."

"வரலைன்னா நிக்க வேண்டியதுதானே?"

"நிக்காது சார். அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போயிடும்."

"உன்னை மாதிரியே."

"நிறுத்தச் சொல்லி நான் ஒரு வரி எழுதியிருக்கணும், ஒத்துக்கறேன். ஆனா காலையில பார்த்தேன் சார், அந்த ஃபைலே அங்க இல்லை. யாரோ எடுத்திருக்காங்க."

"ஆமா, காக்கா தூக்கிட்டுப் போச்சு."

அவன் அக்கா பக்கம் திரும்பினான். "நீங்களாவது சொல்லுங்கக்கா. குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகலை. இந்த வேலையும் போச்சுன்னா..."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. "தங்கமான பையன் சார். எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்ததே இவன்தான். வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "சரி, நீங்களே போய்ப் பாருங்க. ஃபைல் இல்லைன்னா வேற யாரோ பண்ணின வேலை, யாருன்னு தோண்டி எடுக்கிறேன். இருந்தா, இவன் பொய் சொல்றான். இன்னைக்கே கணக்கை முடிச்சுடலாம்."

"போங்கக்கா," என்றான் அவன். அப்போதுதான் அவன் முகத்தில் உயிர் வந்தது.

அக்கா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். கண்டபடி கிடக்கிறதே, ஒழுங்குபடுத்துவோம் என்று முந்தின நாள் தன் ஃபோல்டருக்குள் நகர்த்திய பொது ஃபைலை எடுத்து, பழைய இடத்திலேயே வைத்தாள்.

பிறகு வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"இருக்கு சார்."